கேட் பதிவேடும் கணினிப் பதிவேடும் சந்திக்காத இடம்

கேள்வி: ஐயா, திருப்பூரில் என் தந்தை 1998இல் தொடங்கிய பனியன் கம்பெனியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. ஏறத்தாழ 160 பேர் வேலை செய்கிறார்கள். கேட்டில் ஏஜென்சி அனுப்பும் வாட்ச்மேன்கள், 32 கேமராக்கள், மாதம் இருமுறை வந்து கணினிகளைப் பார்த்துவிட்டுப் போகும் ஒருவர் என எல்லா ஏற்பாடும் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் மதியச் சாப்பாட்டு நேரத்தில், இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் வந்தார். வாட்ச்மேன் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். சென்ற வாரம் சாம்பிள் அறையைப் பெருக்கும் அம்மா, மேசைக்கடியில் கணினிகளின் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் நாங்கள் யாரும் வாங்காத ஒரு சிறிய பெட்டி செருகப்பட்டிருப்பதைப் பார்த்துச் சொன்னார். இதற்கிடையே ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் பெயரில், வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று ஜெர்மன் பையருக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. அவர் தொலைபேசியில் எங்களைக் கேட்டதால் பணம் தப்பியது. ஏஜென்சிக்காரர் இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்கிறார். கம்ப்யூட்டர் பார்ப்பவர், அந்த ஆளை உள்ளே விட்டது யார் என்று கேட்கிறார். கேமரா, கதவு, கணினி எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருள் வாங்கினால் போதும் என்று ஒரு நிறுவனம் பல லட்சத்துக்கு விலை கொடுத்திருக்கிறது. தவறு யார் மீது? நாங்கள் எங்கே தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

தவறு யார் மீது என்ற கேள்விக்குச் சற்றுப் பொறுத்து வருகிறேன். உங்கள் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே தனியாகச் சொன்ன சிலவற்றை, இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இவற்றில் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும்.

முதலாவது டிவிஆர், அதாவது கேமராக் காட்சிகளைச் சேமிக்கும் பெட்டியின் பதிவு. 32 கேமராக்களுக்குப் போடும் ஹார்டு டிஸ்க், பல கம்பெனிகளில் 15 முதல் 30 நாள் வரைதான் தாங்குகிறது. அதற்குப் பிறகு பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். ஆகவே கேட், வராந்தா, சாம்பிள் அறைப் பக்கம் ஆகிய இடங்களின் பதிவை, அந்த ஆள் வந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் சேர்த்து, தனி டிஸ்க்கில் எடுத்துவைக்க வேண்டும். எடுத்தவர் யார், எந்த நாள், எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாளை இது நீதிமன்றம் வரை போனால், 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். அதைத் தயாரிக்கும்போது இந்தத் தாள் கைகொடுக்கும்.

இரண்டாவது அந்தப் பெட்டி. அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் இன்னொரு கணினியில் செருகிவிடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். செருகியிருந்த இடத்தையும் பெட்டியையும் படம் எடுத்து, ஒரு கவரில் இட்டு ஒட்டி, மேலே தேதி எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மூன்றாவது மின்னஞ்சல். கம்பெனி நெட்வொர்க்கைத் தொடாத ஒரு கருவியிலிருந்து, கைப்பேசியின் சொந்த இணைய இணைப்பில், மெர்ச்சண்டைசர், கணக்காளர், உங்களுடைய அஞ்சல்கள் ஆகியவற்றின் பாஸ்வேர்டுகளை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். பிறகு அஞ்சல் அமைப்புகளில் நீங்கள் வைக்காத பகிர்வு விதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ‘பேமெண்ட்’ என்ற சொல் வரும் கடிதங்களை எல்லாம் வேறு முகவரிக்கு அனுப்பி, இங்கே அழித்துவிடும் ஒரு விதியைச் சத்தமில்லாமல் எழுதிவைப்பது இந்த வகை மோசடிக்காரர்களின் வழக்கம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அழியாது.

பையருக்குப் போன மின்னஞ்சலின் முகவரியையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆர், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை ஒட்டி எழுதி எம் போலத் தோன்றச் செய்யும் முகவரிகள் ஏராளம். அது உங்கள் உண்மையான அஞ்சல் பெட்டியிலிருந்தே போயிருந்தால் ஒரு கதை, போலி முகவரியிலிருந்து போயிருந்தால் வேறு கதை. போலி முகவரியாக இருந்து, அதில் உங்கள் இன்வாய்ஸ் எண் சரியாக இருந்தால், இரு தரப்பில் யாரோ ஒருவருடைய அஞ்சல் படிக்கப்பட்டிருக்கிறது. அது பையர் பக்கமாகவும் இருக்கலாம். அந்தப் பெட்டிக்கும் இந்த அஞ்சலுக்கும் தொடர்பு உண்டு என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். இருக்க வாய்ப்பு மிகுதிதான். ஆனால் தடயம் பார்க்காமல் அப்படி எழுதிப் புகார் கொடுக்க வேண்டாம். நடந்ததை நடந்த வரிசையில் மட்டும் எழுதுங்கள்.

புகாரைப் பொறுத்தவரை, பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் இன்னொரு கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த அதுதான் வழி. உங்கள் நேர்வில் பணம் தப்பிவிட்டது என்றாலும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்து, உள்ளூர் சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையத்திலும் கொடுங்கள். கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புக்குள் அத்துமீறல் நடந்தது தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நேரம் உங்களுக்குக் கடந்துவிட்டது. கடந்துவிட்டதே என்று விட்டுவிடாமல் இப்போதாவது தெரிவியுங்கள்.

இனித் தவறு யார் மீது என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்துடன் அனுப்பிய கேட் பதிவேட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வந்தவர் பெயர், கைப்பேசி எண், வண்டி எண், வந்த நேரம் 1.10, சென்ற நேரம் 1.35 என்று வாட்ச்மேன் ஒழுங்காக எழுதியிருக்கிறார். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் ‘நெட்’ என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் கம்பெனியின் ஓட்டை இருக்கிறது; ஆனால் அது வாட்ச்மேனின் ஓட்டை அன்று. நெட் ஆள் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லிவைக்கவில்லை. கணினி பார்ப்பவர் ஊரில் எங்கோ இருந்தார். அன்றைக்கு ஒருவர் வந்துபோனார் என்பதே அவருக்குத் தெரியாது. கேட்டில் ஒரு பதிவேடு, கணினியில் ஒரு பதிவேடு, இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆளில்லை. வந்தவர் நுழைந்தது சுவர் ஏறியும் அன்று, பாஸ்வேர்டை உடைத்தும் அன்று. இவ்விரு பதிவேடுகளுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக.

இது திருப்பூருக்கு மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனத்தில் 2013 இறுதியில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடு போயின. திருடர்கள் முதலில் கைப்பற்றியது, கடைகளுக்குக் குளிர்பதன வேலை செய்துகொடுத்த ஒரு ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருந்த நுழைவுச் சொற்களை. ஏசி வேலைக்கு வருபவரைக் கட்டடப் பராமரிப்புக்காரர்களின் கவலை என்றும், கணினி நுழைவைக் கணினிக்காரர்களின் கவலை என்றும் பிரித்துவைத்தால், அந்த ஒப்பந்ததாரர் இருவருடைய கவலையிலும் இல்லாமல் போய்விடுகிறார்.

உங்கள் ஜெர்மன் பையர் என்ன செய்தார் என்பதை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கணக்கு மாறிவிட்டது என்று வந்த அஞ்சலுக்கு அவர் பதில் எழுதிக் கேட்கவில்லை. அதில் கொடுத்திருந்த எண்ணையும் அழைக்கவில்லை. தமக்கு முன்பே தெரிந்த எண்ணில் உங்களை அழைத்தார். அதே காரியத்தைத்தான் உங்கள் கேட்டும் செய்திருக்க வேண்டும்: வந்தவர் காட்டும் அடையாள அட்டையையோ அவர் தரும் எண்ணையோ நம்பாமல், மாத பில்லில் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, நம் பெயரில் புகார் பதிவாகியிருக்கிறதா, ஆள் அனுப்பியிருக்கிறீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். சொல்பவரிடமே உறுதி கேட்கக் கூடாது, நமக்கு முன்பே தெரிந்த வழியில் கேட்க வேண்டும் என்ற இந்த ஒரு விதி கதவுக்கும் பொருந்தும், மின்னஞ்சலுக்கும் பொருந்தும், கணக்காளருக்கு முதலாளி பெயரில் வரும் வாட்ஸ்அப் செய்திக்கும் பொருந்தும். கட்டடப் பாதுகாப்பையும் கணினிப் பாதுகாப்பையும் இணைப்பது என்று நான் சொல்வது முதன்மையாக இதைத்தான். திரைகளை இணைப்பது அதற்குப் பிறகு வரும் சிறிய வேலை.

ஆகவே முதலில் ஓர் ஆளை நியமியுங்கள். புதிதாகச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியதில்லை. உங்கள் டைம் ஆபீஸைப் பார்ப்பவரோ ஃபேக்டரி மேனேஜரோ, யார் எப்போது வருகிறார், போகிறார் என்பதை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவரோ, அவர்தான் இதற்கு ஏற்றவர். ஏஜென்சியும் கேமராக்காரரும் கணினி பார்ப்பவரும் இனிமேல் அவரிடம்தான் பேச வேண்டும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் மூவருடைய பதிவுகளையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்குக் கணினி தெரியாது என்று தயங்காதீர்கள். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குக் கணக்காளர் பெயரில் சர்வரில் ஒருவர் நுழைந்திருக்கிறார், கேட் பதிவேட்டில் கணக்காளர் 7 மணிக்கே போய்விட்டார் என்று இரண்டு தாள்களை ஒப்பிட்டுக் கேட்க, கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒப்பிடுவது என்று சொன்னவுடன் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. சில ஆண்டுகளுக்கு முன் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இதே போன்ற ஒரு விசாரணைக்குப் போயிருந்தேன். சர்வரில் பென் டிரைவ் செருகப்பட்ட நேரம் நொடிவரை பதிவாகியிருந்தது. அந்த நேரத்துக்குரிய கேமராப் பதிவைப் போட்டால் அறை காலியாக இருந்தது. ஒரு நாள் முழுதும் குழம்பிய பிறகு, டிவிஆர் திரையின் மூலையில் ஓடிய நேரத்தை என் கைக்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன்: 47 நிமிடம் பின்தங்கியிருந்தது. உள்ளே இருந்த சிறு பேட்டரி என்றைக்கோ தீர்ந்துபோய், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தியிருக்கிறது. அதற்குள் தேவையில்லாமல் ஒரு ஸ்டோர் கீப்பர் மீது சந்தேகம் விழுந்து, அவர் மூன்று நாள் வேலைக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கடிகாரம் சரியாக இல்லாத சாட்சியம் குற்றவாளியைத் தப்பவிடுவது மட்டுமல்ல, நிரபராதியைக் கூண்டில் நிறுத்திவிடும். டிவிஆர், பயோமெட்ரிக் கருவி, சர்வர், ஃபயர்வால் ஆகிய எல்லாம் இணையம் வழியே ஒரே நேர மூலத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது அரை நாள் வேலை. காசு எதுவும் ஆகாது. முன்னே சொன்ன செர்ட்-இன் உத்தரவும், தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும் என்றும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கேட்டில் வாட்ச்மேன் பார்த்து எழுதும் சுவர்க் கடிகாரத்தையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்து, அந்தப் பொறுப்பாளரும் வாட்ச்மேனும் கணினி பார்ப்பவரும் மூவருமாகச் சேர்ந்து கம்பெனியை ஒருமுறை கேட்டிலிருந்து மொட்டை மாடிவரை நடந்து பார்க்கட்டும். நீங்களும் உடன் போங்கள். சாம்பிள் அறையில் மேசைக்கடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அங்கே இருப்பதற்குக் காரணம், எப்போதோ இரண்டு கணினிகள் கூடுதலாக வந்தபோது கேபிள் போதவில்லை என்பதாகத்தான் இருக்கும். பையரும் ஜாப் வொர்க் காரரும் டிரிம்ஸ் சப்ளையரும் வந்துபோகும் அறையில், கை எட்டும் இடத்தில், காலியாக நாலு துளையோடு ஒரு ஸ்விட்ச் இருப்பது, கேஷ் டிராயரைத் திறந்துபோட்டு வரவேற்பறையில் வைப்பதற்குச் சமம். அதைச் சுவரில் பொருத்திய சிறு ரேக்கில் வைத்துப் பூட்டுங்கள். பயன்படுத்தாத துளைகளை ஸ்விட்சின் அமைப்பிலேயே அணைத்துவையுங்கள். அப்படி அணைக்க முடியாத மலிவு ஸ்விட்ச் என்றால் மாற்றுங்கள். உங்களுக்கு விலை கொடுத்திருக்கும் மென்பொருளை விட இந்தச் செலவுதான் முந்தியது. வரவேற்பறையிலும் மீட்டிங் அறையிலும் சுவரில் இருக்கும் லேன் துளைகளுக்கும் இதே முறைதான். பையருக்குக் கொடுக்கும் வைஃபை உங்கள் டேலி கணக்கும், ஆடைகளின் அளவு, வடிவ விவரங்கள் உள்ள டெக் பேக்குகளும் இருக்கும் நெட்வொர்க்கை எட்டிப்பார்க்கக் கூடாது. கேட் அறையின் மேசைக் கண்ணாடிக்கடியில் டிவிஆர் பாஸ்வேர்டு எழுதிய தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் போகும் பத்து கம்பெனிகளில் பாதியிலாவது இருக்கிறது.

கேமராவைக் காவல் பொருளாக மட்டும் பார்க்கும் பழக்கம் மாற வேண்டும். அது லென்ஸ் வைத்த ஒரு கணினி. 2016இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கில் பிடித்துவைத்துக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் மீது அவற்றைக் கொண்டு தொடுத்த தாக்குதலில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் தடுமாறின. திருடனைப் பிடிக்க வைத்த கருவியே திருடனின் ஆளாகிவிட்டது. 2025இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே கசிந்து, பெண்களைச் சோதிக்கும் காட்சிகள் விலைக்கு விற்கப்பட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் தையல் தளத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய பாதுகாப்புக்காக என்று சொல்லித்தான் கேமரா வைத்திருக்கிறீர்கள். அந்தப் பதிவு எங்கே போகிறது என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஆகவே கேமராக்களும் டிவிஆரும் தனி நெட்வொர்க் பிரிவில் இருக்கட்டும். அங்கிருந்து கணக்கு சர்வருக்கு வழியே இருக்கக் கூடாது. வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்ப்பதற்காகக் கேமராக்காரர் உங்கள் ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழி ஒன்றைத் திறந்துவிட்டிருப்பார். அதை மூடிவிட்டு, விபிஎன் என்ற மறையாக்கிய தனி இணைப்பு வழியாகப் பாருங்கள். கேமராக்காரரிடம் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டு இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். வேலை முடிந்த அன்றே உங்களுடையதை மாற்றுங்கள். புதிதாகக் கேமரா வாங்கும்போது, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் பாதுகாப்புத் தர நிபந்தனைகளின்படி சோதித்துச் சான்று பெற்ற மாடலா என்று கேட்டு, சான்றின் நகலை வாங்குங்கள்.

ஆள் வருவதும் போவதும் அடுத்தது. உங்கள் மெர்ச்சண்டைசர்களில் ஒருவர் வேலையை விட்டு எதிர்க் கம்பெனிக்குப் போகும்போது என்ன நடக்கிறது? பயோமெட்ரிக்கில் பெயரை நீக்குவார் டைம் ஆபீஸ்காரர். சாவியை வாங்குவார் மேனேஜர். அஞ்சல், விபிஎன், பையரின் ஆர்டர் போர்ட்டல், கைப்பேசியில் கேமரா ஆப், கம்பெனி வாட்ஸ்அப் குழு ஆகியவற்றை நீக்குவது யார்? கணினி பார்ப்பவர் மாதம் இருமுறை வருகிறவர். அவர் அடுத்த முறை வரும்போது யாராவது நினைவு வைத்துச் சொன்னால் உண்டு. அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம் 2021 மே மாதத்தில் பல நாள் முடங்கியதற்கு நுழைவாயிலாக இருந்தது, எவரும் பயன்படுத்தாமல், ஆனால் மூடப்படாமலும் கிடந்த ஒரு விபிஎன் கணக்கு. இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அதற்கு இல்லை. ஆகவே வேலையிலிருந்து விடுவிக்கும் சீட்டு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அதில் சாவி, அடையாள அட்டை, விரல்ரேகைப் பதிவு, அஞ்சல், போர்ட்டல் எல்லாம் அடுத்தடுத்த வரிகளாக இருந்து, எல்லா வரியிலும் கையெழுத்து விழுந்த பிறகே கணக்கு முடிக்கும் பணம் தரப்பட வேண்டும். ஏஜென்சி ஒரு வாட்ச்மேனை மாற்றினாலும் இதே சீட்டுத்தான்.

நான் சொல்வது புதிய தத்துவம் ஒன்றும் அன்று என்பதற்கு உங்கள் தொழிலிலேயே சான்று இருக்கிறது. அமெரிக்க பையருக்கு அனுப்பும் கம்பெனிகளில் சி-டிபேட் தணிக்கைக்கு ஆள் வருவது உங்களுக்குத் தெரியும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கச் சுங்கத்துறை தொடங்கிய திட்டம் அது. பல ஆண்டுகள் வேலி, விளக்கு, கண்டெய்னர் சீல், பேக்கிங் பகுதிக்குள் யார் நுழையலாம் என்பவையே அதில் பெரிதாகப் பேசப்பட்டன. 2019இல் வெளியிட்ட திருத்திய விதிகளில் கணினிப் பாதுகாப்பு ஒரு தனிப் பிரிவாகவே சேர்க்கப்பட்டது. கேட்டும் கணினியும் இன்று ஒரே கோப்பில் கேட்கப்படுகின்றன. தணிக்கைக்கு முதல் நாள் இரவு நிரப்பும் கோப்பாக அதை வைத்திருப்பவர்கள் பலர். அமெரிக்க பையர் இல்லாவிட்டாலும் அந்தக் கேள்விகளை வாங்கி, உங்களையே நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

கதவுகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: சர்வர் ரூமுக்கு மின்காந்தப் பூட்டுப் போட்டிருக்கிறோம், எனவே கவலையில்லை என்று. அந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும். மின்சாரம் போனால் விட்டுவிடும். பேட்டரி இணைப்பு வேலை செய்கிறதா என்று, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் தள்ளிப் பாருங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், கதவைத் திறக்கும் அமைப்பு முழுவதையும் நெட்வொர்க்கிலேயே தொங்கவிடவும் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சேவைகள் உலகம் முழுவதும் பல மணி நேரம் நின்றபோது, பழுதைச் சரிசெய்யப் போன பொறியாளர்கள் கடும் காவல் உள்ள தங்கள் தரவு மையத்துக்குள் நுழைந்து கருவிகளைத் தொடவே நேரமாயிற்று என்று அந்நிறுவனமே பின்னர் விளக்கியது. சர்வர் ரூமுக்கு ஒரு சாதாரணச் சாவி, முத்திரையிட்ட உறையில், பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும்.

ஆனால் ஆட்கள் வேலை செய்யும் தளத்தின் கதவுகளுக்கு வேறு நீதி. அங்கே மின்சாரம் போனாலும் தீ எச்சரிக்கை மணி அடித்தாலும் பூட்டு விட்டுவிடத்தான் வேண்டும். துணி திருடு போகிறது, சாம்பிள் வெளியே போகிறது என்பதற்காக அவசர வழியைச் சங்கிலி போட்டுப் பூட்டும் கம்பெனிகளை நான் இன்றும் பார்க்கிறேன். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீயில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பி இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் டாக்காவுக்கு அருகே தாஸ்ரீன் ஆடை ஆலையில் தீயில் 110 பேருக்கு மேல் மாண்டார்கள். உங்களிடம் வரும் எந்தப் பாதுகாப்பு யோசனையும், அது கேமராக்காரர் சொன்னதாக இருந்தாலும் நான் சொன்னதாக இருந்தாலும், 160 பேர் வெளியே ஓடும் வழியில் ஒரு நொடித் தடையை வைக்குமானால், அதை மறுத்துவிடுங்கள்.

தீ என்றதும் பேக்கப் நினைவுக்கு வருகிறது. பேட்டர்ன்களும் டெக் பேக்குகளும் கணக்கும் தினமும் ஒரு ஹார்டு டிஸ்கில் எடுக்கப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த டிஸ்க் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. சர்வர் மேலேயே இருக்கிறது என்றால் அது பேக்கப் அன்று. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தபோது, வேறு இடத்தில் நகல் வைத்திருக்காதவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கணினிப் பணயத் தாக்குதலும் அப்படித்தான்: சர்வரோடு எப்போதும் இணைந்திருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும். வாரம் ஒரு டிஸ்க், கழற்றியெடுத்து, வேறு கட்டடத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அதை எடுத்துச் செல்பவர் பெயர் கேட் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். டிஸ்க் பாஸ்வேர்டு போட்டு மறையாக்கப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சிறு டிஸ்க்தான் இப்போது உங்கள் கம்பெனி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு பழைய ஆர்டரைத் திரும்ப எடுத்துப் பார்க்கவும் வேண்டும்.

பயோமெட்ரிக் கருவியைப் பற்றி ஒரு சொல். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். தொழிலாளியின் விரலை மாற்ற முடியாது. அந்தப் பதிவு எந்த மென்பொருளில், யாருடைய சர்வரில் இருக்கிறது என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இனி அந்த மென்பொருள். கேமராவையும் கதவையும் கணினியையும் ஒரே திரையில் காட்டுவது பயனுள்ள காரியம்தான். பல வளாகங்களும் ஆயிரக்கணக்கான ஆட்களும் உள்ள இடங்களில் நானே பரிந்துரைத்திருக்கிறேன். உங்களுக்கு இப்போது அது வேண்டாம். அந்தத் திரையை யார் பார்ப்பார், பார்த்ததும் என்ன செய்வார் என்ற கேள்விக்கு இன்று உங்களிடம் விடை இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டிவைத்தால் அந்த ஒரே இடத்தின் சாவி போனால் எல்லாம் போகும் என்பதும் உண்டு: 2021 மார்ச்சில் வெர்கடா என்ற கேமரா நிறுவனத்தின் தலைமை நிர்வாகக் கணக்கு ஒன்று வெளியாரிடம் சிக்கியபோது, மருத்துவமனை, சிறை, ஆலை என்று சுமார் 1,50,000 கேமராக்கள் அவர்கள் பார்வைக்குத் திறந்துவிட்டன. பூட்டும் ரேக், நல்ல ஸ்விட்ச், பிரித்துவைத்த நெட்வொர்க், இரண்டு டிஸ்க், ஒரு பொறுப்பாளர் என்று ஓராண்டு நடத்துங்கள். அதற்குப் பிறகும் ஒப்பிட முடியாத அளவுக்குப் பதிவுகள் குவிந்தால் அப்போது எழுதுங்கள். எதை வாங்கலாம் என்று பேசுவோம்.

வாட்ச்மேனை மாற்றிவிடலாமா என்று உங்கள் தந்தை கேட்பதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அவர் எழுதிய 1.10, 1.35 என்ற இரண்டு எண்கள்தான் இப்போது காவல்துறைக்கு உங்களிடம் இருக்கும் உறுதியான சாட்சியம். அவர் கையில் பில்லில் உள்ள சேவை எண்களின் பட்டியலைக் கொடுங்கள். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘உள்ளிருந்து உறுதி செய்தவர்’ என்று ஒரு கட்டம் கூட்டுங்கள். அந்தக் கட்டம் நிரம்பாமல் எவருக்கும் கேட் திறக்கக் கூடாது. சாம்பிள் அறை அம்மாவுக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்லி, ஒரு தொகையும் கொடுங்கள். அவர் பார்த்ததைச் சொல்லத் துணிந்ததால்தான் இன்று இந்தக் கடிதமே எழுத முடிந்தது. பார்த்தும் ‘நமக்கெதுக்கு’ என்று விட்டிருந்தால் அந்தப் பெட்டி இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, உங்கள் ஊழியர்கள் எவரும் பார்த்திராத ஒரு நண்பரிடம் டூல் பேகையும் ஏதோ ஒரு கம்பெனித் தொப்பியையும் கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். அதற்கு முன் வாட்ச்மேனிடம் ஒன்றை உங்கள் தந்தையின் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்: உறுதி செய்வதற்காக யாரைக் காத்திருக்க வைத்தாலும், அவர் எவ்வளவு கோபித்துக்கொண்டாலும், அதற்காக வாட்ச்மேனின் வேலை ஒருபோதும் போகாது. அதை அவர் நம்பினாரா என்பது அந்த நண்பர் கேட்டில் எத்தனை நிமிடம் நிறுத்தப்படுகிறார் என்பதில் தெரிந்துவிடும்.